பாடம் இணையத்தில் இருக்கிறது. படிக்க வைப்பது யார்?

கையில் ஒரு செல்போனும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால் போதும், சென்னை ஐஐடி பேராசிரியர் நடத்தும் வகுப்பைச் செங்கத்திலோ சாயல்குடியிலோ உட்கார்ந்தபடி கேட்கலாம். பணம் கட்ட வேண்டாம், நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு யாரும் எதிர்பார்க்காத வசதி இது. அதனால்தான் எல்லோருக்கும் தரமான கல்வி என்ற பேச்சு எழும்போதெல்லாம் 'ஆன்லைன்ல குடுத்துடலாமே' என்ற பதில் உடனே வந்துவிடுகிறது.

அந்தப் பதில் பாதி சரி. பாடம் எல்லோருக்கும் கிடைப்பது வேறு, எல்லோரும் அதைக் கற்றுக்கொள்வது வேறு. முதலாவதை இணையம் ஓரளவு செய்து காட்டிவிட்டது. இரண்டாவது எந்த இடத்தில் நடந்தது, எந்த இடத்தில் நடக்காமல் போனது என்பதற்கு இன்று பல நாடுகளின் அனுபவம் நம் முன்னால் இருக்கிறது. பிள்ளைக்கு எந்த ஆப் வாங்கலாம் என்று யோசிக்கும் பெற்றோருக்கும், கல்லூரியில் முதல் முறையாக ஆன்லைன் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கும், வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வந்திறங்கி அதை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கும் அந்த அனுபவம் உதவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஆன்லைன் கல்வி என்ற ஒரே பெயரில் நான்கு விதமான விஷயங்கள் புழங்குகின்றன. ஆசிரியர் நேரலையில் பேசும் ஜூம் வகுப்பு ஒன்று. எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவு செய்த வீடியோ இன்னொன்று. வாராவாரம் வீடியோ, அசைன்மென்ட், கடைசியில் தேர்வு என்று கால அட்டவணையோடு வரும் முழுப் பாடம் மூன்றாவது. 'மூக்' என்று சொல்வது இதைத்தான். நான்காவது, மாணவர் போடும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றித் தரும் மென்பொருள். கொரோனா காலத்தில் பல குடும்பங்கள் பார்த்தது முதல் வகையை மட்டும்தான். அதை வைத்து மொத்தத்தையும் எடை போட்டால் மற்ற மூன்றுக்கும் அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

இலவசப் பாடம் வந்த கதை

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் திறந்து விடப்போவதாக 2001இல் அறிவித்தது. இங்கே 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, ஒன்றிய அரசின் நிதியில் என்பிடெல் என்ற திட்டத்தைத் தொடங்கின. பொறியியல் கல்லூரிகள் பெருகிக்கொண்டே போக, நல்ல ஆசிரியர்கள் அந்த வேகத்தில் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வீடியோ வகுப்புகள் வந்தன.

2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு எம்ஐடி நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் 1,54,763 பேர் சேர்ந்தார்கள். அதில் முழு மதிப்பெண் எடுத்தவர்களில் மங்கோலியாவைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். உலகமே அவனைப் பற்றிப் பேசியது, பேச வேண்டிய விஷயம்தான். அதே பாடத்தில் தேறியவர்கள் மொத்தம் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

இந்தக் கணக்கை அப்படியே தோல்வி என்று சொல்ல மாட்டேன். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள், ஒரு அத்தியாயம் மட்டும் தேவைப்பட்டவர்கள் எல்லாம் அந்த ஒன்றரை லட்சத்தில் உண்டு. ஆனால் 2013இல் கலிபோர்னியாவில் நடந்ததை அப்படிக் கடந்து போக முடியாது. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், ஆன்லைன் பாடங்கள் நடத்தும் உடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து 150 டாலர் கட்டணத்தில் மூன்று பாடங்களை ஆன்லைனில் நடத்தியது. ஒன்று, பள்ளிக் கணக்கில் தடுமாறியவர்களுக்கு அதை மறுபடி சொல்லித்தரும் பாடம். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களைத் தேடிப் போன முயற்சி அது. விளைவு நேர்மாறாக வந்தது. அந்த அடிப்படைக் கணக்குப் பாடத்தில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. நேரில் படித்தவர்களின் தேர்ச்சியை விட மிகக் குறைவு. சேர்ந்த பள்ளி மாணவர்கள் சிலரிடம் வீட்டில் கம்ப்யூட்டரோ நெட்டோ இல்லை என்பதே பாடம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அப்போது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கோடை வகுப்புகளில் தேர்ச்சி கூடியது உண்மை. ஆனால் அவற்றில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்.

தானாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இணையம் பெரிய வரம், அவரை இன்னும் மேலே தூக்கிவிடும். தானாகப் படிக்க இன்னும் பழகாத பிள்ளையை, அதே வீடியோ அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தும் இடைவெளி கூடுவது இப்படித்தான்.

டெல்லியில் என்ன நடந்தது

அப்படியானால் பின்தங்கிய பிள்ளைக்கு ஆன்லைன் பாடமே ஆகாதா? ஆகும். அதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

டெல்லியில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் 619 பேரை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் என்ற மூன்று ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணக்கில் இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருப்பதை முதலில் கண்டார்கள். கையில் இருப்பது ஆறாம் வகுப்புப் புத்தகம், மனதில் நிற்பது மூன்றாம் நான்காம் வகுப்புக் கணக்கு. வகுப்பு ஏற ஏற இந்த இடைவெளியும் கூடிக்கொண்டே போனது.

குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு, பள்ளி முடிந்த பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் மையத்துக்கு இலவசமாகப் போக வாய்ப்புக் கிடைத்தது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் கம்ப்யூட்டர் முன்னால். மீதி நேரம் பன்னிரண்டு பதினைந்து பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து, ஓர் உதவி ஆசிரியரோடு. மென்பொருள் செய்த முதல் காரியம், பிள்ளை உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சோதித்ததுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் அங்கிருந்துதான் பாடம் தொடங்கியது.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 1/2 உடன் 1/3 கூட்டச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 2/5 என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிடுகிறார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதற்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழும், அவ்வளவுதான். நல்ல மென்பொருள் 2/5 என்ற விடையைப் பார்த்த உடனே தவறு எந்த வகை என்று கண்டுகொள்ளும். 'தவறு' என்று சொல்லி நிறுத்தாமல், 2/5 பெரிதா 1/2 பெரிதா என்று திருப்பிக் கேட்கும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறைவாக எப்படி வரும்? பிள்ளை அங்கே ஒரு நிமிடம் நிற்கும். அந்தக் கேள்வியும் புரியவில்லை என்றால், பின்னம் என்றால் என்ன என்ற பழைய பாடத்துக்கே மென்பொருள் இறங்கி வரும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் 'இது கூடத் தெரியாதா' என்று கேட்க ஆளில்லை என்பதால் பிள்ளைக்கு வெட்கமும் இல்லை.

நான்கரை மாதத்தில் கிடைத்த பலன் இது: வாய்ப்புக் கிடைத்த பிள்ளைகள் கணக்கில் முன்னேறியது, கிடைக்காத பிள்ளைகள் முன்னேறியதைப் போல இரண்டு மடங்கு. இந்தியில் 2.4 மடங்கு. என்னைத் தூங்கவிடாத தகவல் வேறொன்று. மையத்துக்குப் போகாமல் பள்ளிக்கு மட்டும் போன பிள்ளைகளில், கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அந்த நான்கரை மாதத்தில் ஏறக்குறைய எதையும் புதிதாகக் கற்றிருக்கவில்லை. தினமும் பள்ளிக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள் அவர்கள். பாடம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இந்த ஆய்வில் உண்டு. கணக்கில் இவ்வளவு முன்னேறிய பிள்ளைகளுக்குப் பள்ளித் தேர்வின் கணக்கு மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. நான்காம் வகுப்புக் கணக்கைப் புதிதாகப் பிடித்துக்கொண்ட ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், பள்ளித் தேர்வு ஏழாம் வகுப்புக் கணக்கையே கேட்கிறது. அதனால் இரண்டு மாதத்தில் மார்க் ஏறவில்லை என்று ஆப்பையோ பிள்ளையையோ திட்டுவதற்கு முன்னால், பிள்ளை இன்றைக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பக்கத்தில் ஒரு மனிதர்

டெல்லி மையத்தில் பாதி நேரம் ஆசிரியரோடு கழிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மென்பொருள் மட்டுமே அத்தனையும் செய்தது என்று சொல்ல முடியாது. கருவி மட்டும் போதுமா என்பதற்குப் பெரு நாடு பதில் சொல்லும். 2008 முதல் அங்கே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். உள்ளே மின்னூல்களும் பாட விளையாட்டுகளும் இருந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிறகு சோதித்துப் பார்த்தபோது, கணக்கிலும் மொழியிலும் மடிக்கணினி வந்த பள்ளிக்கும் வராத பள்ளிக்கும் வித்தியாசமே இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் நெட் இல்லை. அதை வைத்து என்ன நடத்துவது என்று ஆசிரியருக்கும் சரியாகச் சொல்லித் தரவில்லை.

இதற்கு எதிர்முனையில் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா. 2020இல் பள்ளிகள் மூடியபோது அங்கே 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில குடும்பங்களுக்கு வாரா வாரம் குறுஞ்செய்தியில் கணக்குகள் போயின. வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியோடு ஆசிரியரிடமிருந்து ஒரு போன். பதினைந்து இருபது நிமிடம், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பேச வேண்டும். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. போன் வந்த வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை, பழைய பட்டன் போனே போதுமானதாக இருந்தது.

மெக்சிகோ இதை இணையம் வருவதற்கு வெகு முன்பே புரிந்துகொண்டது. 1968 முதல் அங்கே ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான கிராமப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வழியே பள்ளி நடக்கிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று வைக்க முடியாத ஊர்களில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடத்துக்கும் இருப்பார். கால் மணி நேரம் டிவியில் பாடம் ஓடும். பிறகு அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து பயிற்சி செய்ய வைப்பார். அந்நாட்டில் அந்த வகுப்புகளில் படிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் இந்தப் பள்ளிகளில்தான் படித்து வந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் நாமும் இதைக் கண்ணால் பார்த்தோம். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருந்தது, 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடியபோது இரண்டும் கை கொடுத்தன. இருந்தும் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட 2021இல் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' முழுக்க முழுக்க மனிதர்களை நம்பிய திட்டம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு அவரவர் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம்.

பார்ப்பதும் படிப்பதும்

வீடியோ ஓடும்போது எல்லாம் புரிந்தது போல இருக்கும். மறுநாள் நினைவில் பாதி இராது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஒரு வாரம் கழித்து, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். நல்ல ஆன்லைன் பாடம் நடுநடுவே வீடியோவை நிறுத்திக் கேள்வி கேட்பது இதற்காகத்தான். உங்கள் பாடத்தில் அப்படி இல்லையென்றால் நீங்களே நிறுத்துங்கள். ஐந்தாறு நிமிடம் பாருங்கள், அப்புறம் திரையை மூடிவிட்டு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். வேகத்தை 2எக்ஸில் வைத்து மூன்று பாடத்தை ஒரே மூச்சில் முடிப்பதால் கைக்கு எதுவும் வந்து சேராது.

நம் ஊர்ப் பாதை ஒன்று

கல்லூரி மாணவர்களுக்கு இன்று எளிதாகக் கிடைப்பது, 2017இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் வரும் என்பிடெல் பாடங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய சுற்று. 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. சேர்வதும் வீடியோ பார்ப்பதும் அசைன்மென்ட் போடுவதும் இலவசம். சர்டிபிகேட் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். 12 வாரப் பாடமென்றால் சிறந்த எட்டு அசைன்மென்ட்டின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 எடுத்தால்தான் சர்டிபிகேட். ஒரு பட்டப்படிப்பின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021இல் விதியைத் தளர்த்தியது. உங்கள் கல்லூரி எவ்வளவை ஏற்கிறது என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

அசைன்மென்ட் விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிப் போடுகிறவர்கள் நேர்த் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைவிட எனக்கு வருத்தமளிப்பது, அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி கிடைக்காமல் போவதுதான். கல்லூரிகளும் 'இத்தனை சர்டிபிகேட்' என்று பேனர் வைப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. என்பிடெல் ஏற்பாட்டிலேயே கல்லூரிக்கு ஒரு பொறுப்பாளர், பாடத்துக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்று இடம் இருக்கிறது. அந்த ஆசிரியர் வாரம் ஒரு மணி நேரம் மாணவர்களை உட்காரவைத்து அந்த வாரச் சந்தேகங்களைத் தமிழில் பேசித் தீர்க்கும் கல்லூரியில் கதையே வேறு. ஆங்கிலம்தான் முதல் தலைமுறை மாணவரின் பெரிய தடை. பல பாடங்களின் உரைவடிவம் தமிழில் கிடைக்கிறது, சப்டைட்டிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே தமிழில் வாசித்தால் கலைச்சொற்களும் பழகும், பொருளும் புரியும். காது கேளாதவர்களுக்கும் அதே சப்டைட்டில்தான் வகுப்பறை.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நுழைவு முறை. ஐஐடிகளில் சேர எழுதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. பிளஸ் டூ முடித்தவர்களை முதலில் சேர்த்துக்கொண்டு, நான்கு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலிருந்தே தேர்வு வைக்கிறார்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாதவரும் சொல்லிக்கொடுத்ததைப் படித்து உள்ளே வரலாம். வீடியோ ஆன்லைனில், முக்கியத் தேர்வுகள் நேரில்.

ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ பின்தங்கிய பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்குப் பெரிய செலவில்லை. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள் நிறைய. அதனால் வீடியோக்களை முன்கூட்டியே பதிவிறக்கி ஒரு கம்ப்யூட்டரில் வைத்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரே நேரம், ஒரே இடம். முதல் நாளில் வகுப்பைக் கேட்காமல் கணக்கைக் கேளுங்கள்: கழித்தலில் கடன் வாங்கத் தெரியுமா, வகுத்தல் வருமா, 1/2 பெரிதா 1/3 பெரிதா. வந்த விடைகளை வைத்து வயது பார்க்காமல் குழு பிரியுங்கள். வீடியோவுக்குப் பத்து நிமிடம், நோட்டில் போட்டுப் பார்க்க அரை மணி நேரம். பொறுப்பெடுப்பவர் கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்த அக்காவோ அண்ணனோ போதும். வந்தவர் பெயர் எழுத ஒரு வருகைப் பதிவேடு வையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று இரவே ஒரு போன் போட்டு, என்னம்மா வரவில்லை என்று கேளுங்கள்.